தணிகாசலத்தின் வாயில் பத்தொன்பது

கொளத்தூரில் எங்கள் தெருவுக்குப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் தபால்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்வதில்லை. தணிகாசலம் கத்துற தெரு என்றால் போதும், ஆட்டோக்காரர்கள் நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியிலும் மாடிப்படிக்கு அடியிலும் குளியலறைக்குப் போகிற வழியிலும் கண்ணாடித் தொட்டிகள், தொட்டிகள் நிறைய மீன்கள், மீன்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் மனிதர்கள். நான் அந்தத் தொட்டிகளை ஒட்டுகிறவன். கண்ணாடியை வெட்டி, பசை வைத்து, ஒரு சொட்டு ஒழுகாமல் செய்து கொடுப்பேன். தொட்டிதான் ஒழுகாமல் செய்ய வருமே தவிர, ஒரு விஷயத்தை ஒழுகாமல் மனசுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு வராது.

தணிகாசலத்தின் வாய்க்கு இரண்டு பெருமை. ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில் அவர் 'ஜோடி, ஜோடி, ஜோடி' என்று குரலெடுத்தால் நாலு கடை தள்ளி நிற்கிறவன் கையிலிருக்கும் பொட்டலத்தில் தண்ணீர் அதிரும், அது ஒன்று. இன்னொன்று அவருடைய நாக்கு. லாரித் தண்ணீர் வந்தாலும் போர்த் தண்ணீர் இறைத்தாலும் மழைத் தண்ணீர் பிடித்தாலும் தெருவே ஒரு ஸ்பூனில் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நிற்கும். அவர் நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "எழுநூறு உப்பு கீது, கப்பி மீன வுடு, ஃபைட்டர் மீன வுடாத" என்பார். உப்பு அளக்கிற மீட்டரில் பார்த்தால் எழுநூற்றுப் பத்து காட்டும். அந்தப் பத்து எப்படி வந்தது என்று மீட்டர் விற்றவனோடு சண்டைக்குப் போவார்.

அந்த வாய்தான் மகள் ஹேமாவதிக்கு வந்த நாலு வரன்களையும் ஓட்டியது. முதல் மாப்பிள்ளை தன் உயரத்தைப் பற்றி மூன்று தடவை சொன்னான் என்று, தொட்டி அளக்கிற டேப்பை எடுத்துவந்து அவனை நிற்கவைத்து அளந்து, முக்கால் அங்குலம் பொய் என்று வாசல்வரை கேட்கும்படி அறிவித்தார். இரண்டாவது வீட்டார் மீன் வாடை என்று மூக்கில் கைக்குட்டை வைத்தார்கள். அவர்கள் போட்டுக்கொண்டு வந்த சென்ட்டைப் பற்றி இவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்றாவது மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, முகவெட்டு அப்படியே தன் பெரிய தொட்டியில் இருக்கும் கெளுத்தி மாதிரி இருப்பதாகப் பாராட்டினார், அவர் மனசார அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நாலாவது வரன் வாசல்படிகூட ஏறவில்லை, தெருமுனையிலேயே குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி சகுந்தலா முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படியில் உட்காருவாள்; ஹேமா மாடிக்குப் போய்விடுவாள். பெண் மனசொடிந்து அழுகிறாள் என்று சகுந்தலா நினைத்துக்கொண்டாள். ஒருநாள் நான் மாடியில் தொட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், அவள் பாசி சுரண்டிக்கொண்டே பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். விலங்கியல் படித்த பெண். நூற்றுப்பதினாறு தொட்டிக்கும் தண்ணீர் கலப்பது, இரை போடுவது, நோட்டில் எழுதுவது எல்லாம் அவள்தான். உனக்கு இஷ்டமா என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளாகவும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. வீட்டில் அப்பாவுக்குத்தான் வாய் இருந்ததே.

இப்படி இருக்கும்போதுதான் போர்னியோ காட்டில் இலை அழுகிக் கிடக்கும் ஏதோ ஓடையிலிருந்து ஒரு ஜோடி காட்டு பெட்டா தணிகாசலத்திடம் வந்து சேர்ந்தது. கடைகளில் புட்டியில் நிற்கும் ஃபைட்டருக்கு அது பெரியப்பா முறை, ஆனால் குணம் வேறு. நுரைக்கூடு கட்டாது. பெண் முட்டை போட்டதும் ஆண் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் அடக்கிக்கொண்டு, பதினெட்டு நாள் பட்டினி கிடந்து, குஞ்சுகள் தாமாக நீந்தத் தயாரான பிறகுதான் வாயைத் திறக்கும். நடுவில் மிரண்டால் அத்தனையும் முழுங்கிவிடும். ஹேமா அதற்கென்று தண்ணீர் தயார் செய்தாள். மழைத் தண்ணீரும் வடிகட்டிய தண்ணீரும் கலந்து, காய்ந்த பாதாம் இலையை ஊறவைத்து, பால் ஊற்றாத டீயின் நிறம் வந்ததும் இறுத்து, புளிப்பு ஐந்தரை, சூடு இருபத்தைந்து, உப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு. இரைக்கு உயிருள்ள கொசுப்புழுவும், தண்ணீரில் துள்ளும் மொய்னா என்கிற பொடிப்பூச்சியும், பசியாறும் அளவுக்கு மட்டும். குதிக்கிற சாதி என்பதால் மேலே கண்ணாடி மூடி, அந்த மூடி நான் வெட்டிக் கொடுத்தது.

இத்தனை செய்தும் மூன்று தடவை ஆண் மீன் முட்டையை முழுங்கிவிட்டது. முதல் தடவை தணிகாசலம் பால்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை மீனோடேயே பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜெயசீலன், அவரும் மீன் வளர்ப்பவர், முப்பது வருஷமாக இவரோடு தண்ணீர் விஷயமாகச் சண்டை போடுகிறவர், வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"யோவ் தணிகா, மீன் மேல தப்பே இல்ல. உன் கொரலக் கேட்டா நானே எச்சி முழுங்குறேன், அது இன்னா பண்ணும்?"

நாலாவது தடவை முட்டை வந்தபோது தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், ஜாடையில் பேசினார், தும்மல் வந்தால் பக்கத்துத் தெருவுக்கு ஓடினார். ஆறாம் நாள் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. மோட்டார் வைத்தால் அதிரும் என்று, எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிறதைச் செய்தார்: ட்யூபின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். தண்ணீர் உதட்டைத் தொடும் முன்னால் ட்யூபை எடுத்து வாளியில் போட்டுவிட வேண்டும், அது எங்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலை. அந்த நொடி பார்த்து வாசலில் கேஸ்காரர் சிலிண்டரை 'ணங்' என்று இறக்கினார். ஆண் மீன் மிரண்டு, முழுங்கவும் மறந்து, வாயிலிருந்த அத்தனையையும் துப்ப, ட்யூப் அத்தனையையும் வாரிக்கொள்ள, முட்டையாகவும் இல்லாமல் குஞ்சாகவும் இல்லாமல் வாலும் மஞ்சள் வயிறுமாக இருந்ததெல்லாம் நேராகத் தணிகாசலத்தின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் துப்பியிருப்பார்கள். அவர் உதட்டை மூடி, கண்ணை மூடி, நாக்கால் எண்ணி, பத்து விரலும் பிறகு ஒன்பது விரலும் காட்டினார். ஹேமா ஒரு கிண்ணத்தில் பாதாம் இலைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்ட, அவர் குனிந்து மெல்ல விட்டார். பத்தொன்பதும் கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டியில் பொரி துள்ளுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் துள்ளி மறுபடி அவர் வாய்க்குள்ளேயே போய்விட்டன. மூன்று தடவை விட்டுப் பார்த்தார்கள், மூன்று தடவையும் அப்படியே. ஹேமா பரிசோதனைக் காகிதத்தை அவர் நாக்கில் ஒற்றி எடுத்து நிறம் பார்த்தாள். ஐந்தரை.

"முப்பது வருஷமா வெத்தலையும் வசவும் ஊறின வாயாச்சே, புளிக்காம இன்னா பண்ணும்," என்றார் ஜெயசீலன். "தண்ணி புடிச்சிப்போச்சு அதுங்களுக்கு."

"இன்னும் பன்னெண்டு நாள்," என்று ஹேமா விரல்விட்டுக் கணக்குச் சொன்னாள். "அப்பா, வாய மூடிக்கோ."

முப்பது வருஷமாகத் தெருவே சொல்ல நினைத்து யாருக்கும் தைரியம் வராத வார்த்தை. அவர் மூடிக்கொண்டார்.

அதன்பிறகு ஆகவேண்டியதைப் பார்த்தோம். வாய்ச்சூடு அதிகம் என்பதால் பல்வலிக்காரன் மாதிரி தாடையைச் சுற்றி ஈரத்துண்டு கட்டி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நனைத்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்தாள் ஹேமா. தூங்குவதும் அந்த நாற்காலியிலேயே. சாப்பாடு உப்பில்லாத வடிகஞ்சி, கன்னத்தோரமாக ஸ்ட்ரா வழியாக. ஸ்ட்ரா வருகிறது என்றால் குஞ்சுகள் நாக்குக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிட்டன. வேளைக்கு ஒரு டம்ளர் பாதாம் இலைத் தண்ணீர், உள்ளே தண்ணீர் மாற்ற. மஞ்சள் வயிறு வற்றியதும் ஹேமா இங்க் ஃபில்லரில் நாலு சொட்டு மொய்னா எடுத்து உதட்டோரம் விடுவாள், அப்போது அவர் கன்னம் உள்ளிருந்து குறுகுறுவென்று அசையும், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

தெரு பழகிக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் முனையிலேயே ஹாரனை விட்டுவிட்டார்கள். கேஸ்காரர் குற்ற உணர்ச்சியில் சிலிண்டரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவந்து இறக்கினார். புருஷன் பெண்டாட்டி சண்டைகளைப் பன்னிரண்டு நாள் தள்ளிவைத்தார்கள், தள்ளிவைத்ததில் பாதிப் பேருக்கு என்ன சண்டை என்பதே மறந்துபோய், மறந்ததற்காகப் புதிதாக ஒரு சண்டை குறித்து வைத்துக்கொண்டார்கள். கோயில் ஒலிபெருக்கி வாசலை விட்டு உள்பக்கமாகத் திரும்பியது, அம்மன் என்ன நினைத்தாளோ தெரியாது. கொசு ஒழிப்புக்கு வரும் அம்மாள் வழக்கம்போல டார்ச்சோடு வந்து, தொட்டிகளையெல்லாம் பார்த்துவிட்டு, தணிகாசலத்தின் உதட்டை லேசாக விலக்கி உள்ளே அடித்துப் பார்த்து, "தண்ணி தேங்கி நிக்குதே" என்று மருந்துப் புட்டியை எடுத்தார். "உள்ள மீன் இருக்குதுக்கா, புழு வெக்காது" என்றாள் ஹேமா. மீன் இருக்கிற தண்ணீருக்கு மருந்து வேண்டாம் என்பதுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்த விதி. அவர் சரி என்று தேதி எழுதின சீட்டை எங்கே ஒட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, நாற்காலியின் கையில் ஒட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் நடந்தது. மறுத்துப் பேசாத ஒரு மனிதர் பகல் முழுவதும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார் என்றதும் தெருவே வந்து அவரிடம் மனசைக் கொட்டத் தொடங்கியது. அவரும் வேறு வழியில்லாமல் கேட்டார். கண்ணில் நீர் கோக்கக் கேட்டார், அது கன்னத்தில் மீன் கடித்ததாலும் இருக்கலாம். வந்தவர்கள் நிம்மதியாகத் திரும்பிப்போய், தணிகாசலம் என்ன பொறுமை, என்ன கம்பீரம் என்று அம்பத்தூர்வரை சொல்லி வைத்தார்கள். சகுந்தலா அதைக் கேட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து நாள் எண்ணினாள். கடவுள் தன் புருஷன் வாயைப் பன்னிரண்டு நாள் அடைத்து வைத்திருப்பது எதற்காக என்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அடுத்த மாதம் வருவதாக இருந்த அம்பத்தூர் வரனை, வாய் அடைத்த ஒன்பதாம் நாளே வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டாள்.

எட்டாம் நாள் நான் மூடிக்கு விளிம்பு ஒட்டப் போனபோது ஹேமா பாட்டு முனகவில்லை. மொய்னா வடிகட்டுகிற கை அப்படியே நின்றிருந்தது.

"நாளைக்கி அப்பா பேசமாட்டாருல்ல," என்றாள் என்னிடம், கேள்வியாகவும் இல்லாமல்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை லோகேஷ், அவன் அம்மா, அம்மாவின் அண்ணன் கோதண்டம். பேச்செல்லாம் கோதண்டம்தான், மாப்பிள்ளை போனிலிருந்து தலையெடுத்த நேரம் மொத்தம் அரை நிமிஷம் தேறாது. நானும் ஜெயசீலனும் தெரு சார்பாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். தாடையில் ஈரத்துண்டோடு தணிகாசலம் கைகூப்பினார்.

"பல்லுல வீக்கம், பேசக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க," என்றாள் சகுந்தலா, சுத்தமாகப் பொய்யென்றும் சொல்ல முடியாதபடி.

"சம்பந்தி பேசாமயே எல்லாத்தையும் புரிஞ்சிக்கிறவர்னு கேள்விப்பட்டோம்," என்றார் கோதண்டம். சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்தார். அது தணிகாசலத்தின் மூன்று மணி பாதாம் இலைத் தண்ணீர். நாங்கள் வாய் திறப்பதற்குள் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கஷாய டீயா? வயித்துக்கு நல்லது, இன்னும் ஒண்ணு குடுங்கம்மா," என்றார்.

இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது. குடும்பத்தைப் பிடித்திருக்கிறது. ஒன்றே ஒன்று.

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்தத் தொட்டி, புழு, பூச்சியெல்லாம் வேணாம். பொண்ணு தண்ணியில கை வெக்கவே கூடாது, எங்க வீட்டுல வாடை ஆவாது. அது எழுதி வெச்சிருக்கிற நோட்டெல்லாம்கூட யாருக்காவது குடுத்துடுங்க. சம்பந்திக்குச் சரிதான?"

தணிகாசலம் அசையவில்லை. அவர் மறுக்காததையே கோதண்டம் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று தங்கையைப் பார்த்தார். ஹேமா கதவோரம் நின்று அப்பாவைப் பார்த்தாள். முன்னால் வந்த வரன்களிலும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும், அப்போதெல்லாம் நாங்கள் கத்துகிறவரைப் பார்த்தோமே தவிர அவளைப் பார்க்கவில்லை. தணிகாசலத்துக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. காது சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கன்னத்தில் பத்தொன்பதும் ஒரே பக்கமாக ஓடி ஒதுங்குவது துண்டுக்கு மேலேயே தெரிந்தது. உதடு பிரிந்தது. பத்தொன்பது குஞ்சா, ஒரு பெண்ணா என்றால் அந்த மனிதர் இரண்டாம் யோசனையே செய்திருக்க மாட்டார்.

"அப்பா, மூடு!"

அது ஹேமாவின் குரல் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஏனென்றால் அது தணிகாசலத்தின் குரல். அதே கனம், அதே வீச்சு, டம்ளர் தட்டில் அதிர்ந்தது.

"எனக்கு இஷ்டமில்ல. கேக்குதா? இந்தத் தொட்டிங்கள நான் வுடமாட்டேன். இந்தத் தண்ணி நான் கலந்த தண்ணி. இப்ப ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே, அதுவும் நான் மீனுக்குக் கலந்ததுதான். வாடை வந்துச்சா உங்களுக்கு? என்னக் கேக்காம எங்கப்பாவயே கேட்டுனு இருக்கீங்க, கட்டிக்கப் போறது அவரா?"

மாப்பிள்ளை முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தான். கோதண்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எதிர்வீட்டில் ஜெயசீலன் யாருக்கும் சொல்லாமல் வாங்கி வைத்திருந்த அதே சாதி ஆண் மீனும் மிரண்டு வாயிலிருந்ததையெல்லாம் முழுங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. தணிகாசலம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்திருந்தது, உதடு இறுக மூடியிருந்தது, தொண்டை மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் அதைப் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போன பிறகு சகுந்தலா தலையில் கைவைத்துக்கொண்டு மகளைக் கேட்டாள்.

"இத்தினி நாளா அந்த வாய எங்கடி வெச்சிருந்த?"

"அப்பா கிட்ட," என்றாள் ஹேமா. சொல்லிவிட்டுத் துண்டை நனைக்க எடுத்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டாம் நாள் காலை தெருவே கூடியது. ஹேமா புதுத் தொட்டியில் டீ நிறத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தணிகாசலம் குனிந்து, தண்ணீரோரம் உதட்டை வைத்துத் திறந்தார். ஒன்று வந்தது, நின்று பார்த்தது, நீந்திப் போனது. இன்னொன்று. நாங்கள் கோரஸாக எண்ணினோம். பதினெட்டு. காத்திருந்தோம். கொளத்தூரிலேயே முதல் முறை, முழுசாக, உயிரோடு, பதினெட்டு. பத்தொன்பதாவது வரவில்லை. தணிகாசலம் வாயை மூடி, கன்னத்தைத் தொட்டுக்காட்டி, ஒற்றை விரலைத் தூக்கினார். அதற்கு வெளியே வர மனசில்லை போலிருக்கிறது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். இவ்வளவு நாள் இருந்த இடம், எப்படி உடனே விட முடியும்?

அதோடு ஏழு மாசம். பத்தொன்பதாவது உள்ளேயே இருக்கிறது என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. தணிகாசலம் பேசுவதில்லை, தனியாகச் சாப்பிடுகிறார், தண்ணீர் ருசி பார்க்க ஸ்பூன் நீட்டினால் கையால் தடுத்துவிடுகிறார், நாங்கள் எல்லோரும் மீட்டர் வாங்கிக்கொண்டோம். சந்தையில் ஹேமாதான் 'ஜோடி, ஜோடி' என்று கூவுகிறாள், இப்போது ஐந்து கடை தள்ளித் தண்ணீர் அதிர்கிறது. அதன்பிறகு இரண்டு வரன் வந்தது. இரண்டு பேரும் வழக்கப்படி அப்பாவைக் கேட்டார்கள்; அவர் தன் வாயைக் காட்டினார், பிறகு மகளைக் காட்டினார். ஒருவனை அவள் பத்து நிமிஷத்தில் அனுப்பிவைத்தாள். இன்னொருவனோடு ஒன்றரை மணி நேரம் பேசினாள், பாதாம் இலையைப் பற்றி மட்டும். அது என்ன ஆகும் என்று அவளுக்கே இன்னும் தெரியாது, தெரிந்ததும் சொல்வாள்.

போன வாரம் ரெட்டேரி பக்கம் கண்ணாடி எடுத்துவரப் போனேன். ஏரிக்கரை டீக்கடையில், பெஞ்சின் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். கையில் ஆவி பறக்கும் மிளகாய் பஜ்ஜி. அதைச் சட்னியில் முக்கி, முழுசாக வாயில் போட்டு, ஸ் ஆ என்று இரண்டு பக்கக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றித் தள்ளி மென்றுகொண்டிருந்தார். அந்தச் சூட்டில் எந்த மீனும் நிற்காது.

என்னைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார். நானும் நின்றேன். அவர் பஜ்ஜியை முழுங்கிவிட்டு, ஏழு மாசத்துக்குப் பிறகு பேசினார். குரல் துருப்பிடித்திருந்தது.

"அன்னிக்கி அவ கத்துனா பாரு. எனக்கு அப்படியே நெஞ்சு அடைச்சிக்கிச்சிபா. பெருமையில ஒரு மொடக்கு எச்சி முழுங்கிட்டேன். ஒண்ணு அதோட போயிடுச்சி."

"அன்னிக்கேவா? அப்போ இத்தினி மாசமா?"

"நான் தொறந்தா அவ மூடிக்குவா," என்றார். "சொல்லிடாதபா."

இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். தின்று முடித்து, வாயைக் கொப்பளித்து, துடைத்து, உதட்டை இறுக மூடி, நிறைந்த டம்ளரை ஏந்திப்போகிறவர் மாதிரி அடிமேல் அடி வைத்து எங்கள் தெருவைப் பார்த்து நடந்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களைத் தவிர. நீங்கள் கொளத்தூர்ப் பக்கம் வந்தால் ஹேமாவிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், வேண்டுமட்டும் சொல்லுவாள். அப்பாவைப் பார்த்தால் கன்னத்தைக் காட்டி, இன்னும் நல்லா இருக்குதா என்று மட்டும் விசாரியுங்கள்.